யாரும் அனுப்பாத தாள்

அந்தப் பிரிண்டரை வாங்கியது என் தங்கைக்காக. சட்டை, கவுன் வெட்டுவதற்கான அளவுப் படங்களைக் கணினியில் வரைந்து, தாள் தாளாக அச்சிட்டு ஒட்டி, தையல்கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். மலிவாகக் கிடைத்த இயந்திரம், சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. முதலில் தொண்டையைச் செருமும், பிறகு உள்ளே எதையோ உருட்டும், அப்புறம்தான் போனால் போகிறது என்று தாளை இழுக்கும். எங்கள் குடியிருப்பில் சுவர் என்பது பெயருக்குத்தான். மாடிப்படியில் நின்றால் எந்த வீட்டில் யார் தும்மினார்கள் என்பதுவரை கேட்கும்.

தங்கை தன் புருஷனிடம் சொல்லாமல் கொள்ளாமல் மகளோடு கிளம்பி வந்தவள். அடிக்கிற ஆள் அவன். "எங்க போனாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்றும் சொல்லி வைத்திருந்தான். எத்தனையோ பொய் சொல்கிறவன், இந்த மாதிரி வாக்கை மட்டும் காப்பாற்றிவிடுவான். பார்சல் வேன் ஓட்டுவதால் ஊரின் சந்து பொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதனால் நானும் என் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, அவர்களோடு இந்த இரண்டாம் மாடிக்கு வந்தேன். பெற்ற அம்மாவுக்குக்கூட முகவரி தரவில்லை. கதவில் பெயர்ப்பலகை கிடையாது, புதிதாக இரண்டு தாழ்ப்பாள் உண்டு.

இன்டர்நெட் வந்த அன்று, தங்கை மோடத்தில் தன் பழைய வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே போட்டாள்.

"பாப்பாவோட டேப், என் லேப்டாப் எல்லாம் தானா சேர்ந்துக்கும்க்கா. ஒவ்வொண்ணா நோண்டிக்கிட்டு இருக்க வேணாம்."

எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. பிரிண்டரையும் அதிலேயே சேர்த்தேன். இயந்திரத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வேண்டாத இணைப்புகளை அணையுங்கள் என்று கூட வந்த புத்தகம் கெஞ்சியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் போட்டேன்.

ஒரு மதியம், கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் தொண்டையைச் செருமியது. உருட்டியது. ஒரு தாள் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை.

தரையில் படுத்து டேப்பில் படம் வரைந்துகொண்டிருந்த பாப்பா, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா வந்திருக்கார்."

ஈரத் தலையோடு வந்த தங்கை, "அப்படிப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்று அதட்டினாள். பாப்பா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

"விடுடி. பிள்ளை ஏங்கிப் போயிருக்கு" என்றேன்.

மறுநாளும் அதே போல. வெள்ளைத் தாள். "அப்பா வந்திருக்கார்." கொஞ்ச நேரம் கழித்து, "போயிட்டார்."

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பட்டப்பகலில் அந்த அறையைத் தாண்டும்போது நடை தானாக வேகமெடுத்தது. அந்தப் பயமே எரிச்சலாக மாறியது. கீழ்வீட்டுக் கல்லூரிப் பயல்களின் சேட்டை என்று முடிவு கட்டினேன். புத்தகத்தைத் தேடி எடுத்து, பிரிண்டருக்கு நீளமான பாஸ்வேர்டு போட்டேன். அருகிலிருக்கும் போன்கள் நேராக இணையும் வசதியை அணைத்தேன். "இனி எவன் வர்றான்னு பாக்கறேன்" என்று அதன் தலையில் ஒரு தட்டும் தட்டினேன்.

அடுத்த மதியம் அது மறுபடியும் செருமியது.

"பெரியம்மா, அப்பா வந்திருக்கார்."

அதுவரை நாங்கள் யாருமே கேட்காததை அப்போதுதான் கேட்டேன். "எங்கடா கண்ணு?"

பாப்பா டேப்பைத் திருப்பிக் காட்டினாள். பழைய வீட்டில் அவள் வரைகிற படங்களை அப்பாவின் போனுக்கு அனுப்புவாளாம். ஒரே வைஃபையில் இருந்தால்தான் அனுப்ப முடியும். இப்போதும் படத்துக்குக் கீழே பச்சை வட்டம், அதற்குள் 'அப்பா'.

தங்கை அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எவருக்கோ பார்சல் கொடுக்க அவன் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறான். சட்டைப்பையில் இருந்த போன் பழைய வீடு என்று நினைத்துத் தானாகவே சேர்ந்துகொண்டது. அதில் எங்கள் பிரிண்டரும் தெரிந்திருக்கும். வீட்டு வைஃபைக்குள் வந்துவிட்டவனைப் பிரிண்டர் எதற்குத் தடுக்கும்? நான் போட்ட பூட்டெல்லாம் வேறு கதவுக்கு.

"நீ எதாவது அனுப்பினியா?" என்று தங்கை கேட்டாள்.

"இல்லம்மா. நீ திட்டுவே."

தங்கை அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்ட ஆரம்பிச்சா அவனுக்கு ஒரு கட்டுத் தாள் பத்தாதுக்கா. எதுக்கு வெறும் தாளா அனுப்பறான்?"

பதில் சொல்லுமுன் பிரிண்டர் இன்னொரு முறை செருமியது. மாடிப்படியில் காலணிச் சத்தம். ஏறியது, நின்றது, மெல்ல ஏறியது. எங்கள் கதவைத் தாண்டி மேல்மாடிக்குப் போனது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் எதையும் சொல்ல வரவில்லை. கேட்க வந்திருக்கிறான். எந்தக் கதவுக்குப் பின்னால் இயந்திரம் எழுந்திருக்கிறது என்று, தினம் ஒரு மாடியாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினேன். பாதித் தாளோடு அது அடங்கியது.

மேலே போய்க்கொண்டிருந்த காலடியும் அந்த நொடியே நின்றது.

தானாக முடிந்திருந்தால் அது எந்த வீட்டின் வேலையோ என்று மேலே போயிருப்பான். பாதியில் நிறுத்தியது ஒரு கை என்று கேட்கிறவனுக்குத் தெரிந்திருக்கும்.

காலடி இறங்கத் தொடங்கியது. அவசரமே இல்லை. எங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றது. தங்கை பாப்பாவை இழுத்து மடியில் போட்டு, அவள் வாயைப் பொத்தினாள். பாப்பா திமிறவில்லை. பச்சை வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.