வலது கன்னத்து அக்கி

கம்பத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஞானசெல்விக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு சீரம் பாட்டில் அப்படித்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனை வளர்க்குமாம், சுருக்கத்தைக் குறைக்குமாம். சரக்கின் பெயர் பகுச்சியால். போனில் தேடினால், நம்ம கார்போகரிசியிலிருந்து எடுப்பது! குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற அதே கறுப்பு விதை.

விடுவாளா? விதையை இடித்துத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வடிகட்டி, இரவில் படுக்கும்போது தன் முகத்திலேயே தடவிப் பார்த்தாள். ஒரு மாதமாக ஒரு குறையும் இல்லை. கண்ணோரக் கோடு மங்கினாற்போல்கூட இருந்தது, அல்லது அப்படி நம்பினாள். முதல் பாட்டிலைப் பார்லருக்கு வாடிக்கையாக வரும் ரெஹானாவுக்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள். ரெஹானாவின் மகளுக்கு நிக்காஹ் நெருங்கிவிட்டது. நாளை சாயங்காலம் வாங்க வருவாள்.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் முத்துராஜா வலது கன்னம் முழுக்கச் செங்காவியோடு வந்து நின்றார். தேனிக்குத் திராட்சை லோடு அடிக்கிறவர். ஒரு பக்கமாகச் சிவந்து எரிந்தால் இங்கே யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். அக்கி என்று சொல்லிக் காவியால் சிங்கம் எழுதிக்கொள்வார்கள். இவரும் கூடலூர் போய் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கி. நாலு நாள்ல எறங்கிரும்னு சொன்னாக."

அவள் கிட்டே போய் மோந்தாள். காவி வாசனைக்கு அடியில் அவளுடைய எண்ணெய் வாசனை.

"ஏங்க, என் எண்ணெயைத் தடவுனீகளா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரெண்டு மூணு நாளா, காலையில சேவ் பண்ணிட்டு, கொஞ்சமா. உன் கஸ்டமர் ஒருத்தி என்னயப் பாத்து, உங்கப்பாவான்னு உன்கிட்ட கேட்டாள்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் கேள்வி விடவில்லை.

"ஒரு பக்கம் மட்டுமா தடவுனீக?"

"ரெண்டு பக்கமுந்தான்."

அப்படியானால் இடது கன்னம் ஏன் தப்பித்தது? தனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ராத்திரி தூங்கவில்லை. காலையில் பார்லரைப் பூட்டிவிட்டு வண்டியில் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

சின்னமனூர் தாண்டும்போது கிழக்கு வெயில் டிரைவர் பக்க ஜன்னல் வழியாக வந்து அவர் வலது கன்னத்தில் உட்கார்ந்தது. லோடு இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பினால் மேற்கு வெயில். வண்டி இப்போது தெற்கே போகிறதே, அதுவும் வலது கன்னத்தில்தான்! போனை எடுத்து நன்றாகப் படித்தாள். அந்த விதையில் வெயில் பட்டால் தோலைப் பொசுக்குகிற சத்தும் உண்டு. கம்பெனிக்காரன் அதை நீக்கிவிட்டு நல்லதை மட்டும் எடுக்கிறான். இவள் எல்லாவற்றையும் சேர்த்தே வடித்திருக்கிறாள். ராத்திரி தடவிவிட்டுப் பகலெல்லாம் பார்லருக்குள்ளேயே கிடந்ததால் பிழைத்தாள்.

பார்லர் வாசலில் ரெஹானா காத்திருந்தாள். ராத்திரி மட்டும் தடவு என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. புருஷனின் கையைப் பிடித்து இழுத்து அவள் முன்னால் நிறுத்தினாள்.

"இது அக்கி இல்ல ரெஹானா. என் எண்ணெய். வெயில் பட்டுப் பொசுக்கிருச்சு."

ரெஹானா முதலில் சிரித்தாள். பிறகு கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது.

"யா அல்லாஹ்! நாளைக்குக் காலையில இதத் தடவிக்கிட்டுத்தான் வீடு வீடாப் பத்திரிகை வைக்கக் கெளம்பலாம்னு இருந்தேன்க்கா."

ஞானசெல்வி உள்ளே போய் அவளுக்காக எடுத்துவைத்த பாட்டிலைக் கொண்டுவந்தாள். பாட்டிலைத் திறந்து எண்ணெயைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு முத்துராஜாவைப் பார்லர் நாற்காலியில் உட்காரவைத்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, சிங்கத்தை வால் பக்கமிருந்து மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். காலையில் டாக்டரிடம் போக வேண்டும்.

"அப்பாவான்னு கேட்டா கேட்டுட்டுப் போறா," என்றாள். "எனக்கு இந்த மூஞ்சிதான் பழக்கம்."