மஞ்சள் கதவு இருந்த தெரு

லண்டனில் பனி விழுந்தால் விழுந்த கையோடு கரைந்து, மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் கறுத்த சேறாகிவிடும். அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை அப்படியாகவில்லை. முதல் நாள் தொடங்கிய பனி விடியும்வரை கொட்டி, லூயிஷாமின் கூரைகளையும் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களையும் மூடிவிட்டது. மாதா கோயிலில் காலைப் பூசைக்கு வந்த சனமும் குறைவு. பூசை முடிந்து வெளியே வந்ததும் நிர்மலன் மனைவியின் கழுத்துச் சால்வையை இழுத்துச் சுற்றிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். இசபெல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வீட்டை பிறகு போவம்," என்றாள். "என்னை அந்தக் கதவுத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. எட்டு வருடமாக அந்தத் தெருவின் கதை அவர் காதில் விழுந்துகொண்டுதானிருந்தது. இசபெல் கிரினிச்சில் ஒரு சின்னப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்தவள். பிளாக்ஹீத் மேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, பூங்கா மதில் ஓரமாகப் போகும் ஒரு சரிவுத் தெருவால் நடந்து போவாள். தெருவின் மற்றப் பக்கம் முழுவதும் இருநூறு முந்நூறு வருடத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கதவு. பின்னேரம் வீடு திரும்பி, கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைய செய்தியைச் சொல்லுவாள்: பச்சைக் கதவுக்காரர் பித்தளைக் கைப்பிடியைப் பளபளவென்று துலக்கி வைத்திருக்கிறார்கள், நீலக் கதவு வீட்டு வாசலில் பூனையொன்று படுத்திருந்தது. நிர்மலன் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டைப் பார்த்தபடி 'ம்' போடுவார்.

எட்டு வருடத்தில் ஒருநாளாவது அந்தத் தெருவை அவள் பனியில் பார்த்ததில்லை. பனி விழுந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். அவளுக்கு அது பெரிய குறை. கடந்த கோடையில் வேலையையும் விட்டுவிட்டாள். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் கண்ணில் இறங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை நீட்டும் பிள்ளையின் முகம் நடுவில் அழிந்துபோய்த் தெரிகிறது என்று சொல்லத் தொடங்கியபிறகு அவளை அடுப்படியில் நிற்கவிட யாருக்கும் துணிவு வரவில்லை.

சறுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று நிர்மலன் கேட்டார். உங்கள் கை எதற்கு இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவள் அறியாத ஒன்று அவருக்குள் இருந்தது. நவம்பரிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடிவதில்லை.

மேட்டுக்கு பஸ் ஓடவில்லை. இருவரும் நடந்தே ஏறினார்கள். மேலே பரந்த வெளி ஒரே வெள்ளையாகக் கிடந்தது. பிள்ளைகள் தேநீர்த் தட்டுகளில் உட்கார்ந்து பனியில் சறுக்கி விளையாடினார்கள். இசபெல் இரண்டு கையாலும் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காலை அழுத்தி அழுத்தி வைத்து வந்தாள். பனி காலடியில் நொறுங்கும் சத்தம் மாவரிப்பது போலிருக்கிறது என்றாள். அவள் இவ்வளவு சந்தோசமாகப் பேசி நாளாகிவிட்டது.

தெருவின் தலைப்பில் வந்து நின்றதும் நிர்மலனும் நின்று பார்த்தார். லண்டனுக்கு வந்து முப்பது வருடம். கற்பேர்ட் பெற்றோல் நிலையம், வீடு, கோயில், தமிழ்க்கடை என்று ஓடிய வாழ்க்கையில் இப்படியொரு இடத்தில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பழுத்துக் கறுத்த செங்கல் சுவர்கள், உயரமான வெள்ளைச் சட்டத்து யன்னல்கள், கதவுகளுக்கு மேலே விசிறி விரித்தது போன்ற கண்ணாடிகள். இரும்பு வேலிக் கம்பிகளின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு பிடி பனி. அந்த வெள்ளைக்கு நடுவில் கதவுகள் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாக, அப்போதுதான் பூசி விட்டதுபோல நின்றன.

இசபெல் ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். நேரே பார்த்தால் அவளுக்குத் தெரியாது. தலையைச் சரித்து, கடைக்கண்ணால் பார்க்கப் பழகியிருந்தாள். சிவப்புக் கதவின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"தெரியுதப்பா," என்றாள். "நெருப்பு மாதிரித் தெரியுது."

நிர்மலனுக்கு நெஞ்சில் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்தது. டொக்டர்மார் சொல்வதும் பிழையாவதுண்டுதானே என்று நினைத்தார். நீலக் கதவை அவளாகவே கண்டுபிடித்தாள். பச்சைக் கதவு வீட்டின் படியோரத்தில், அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் சப்பாத்துச் சேற்றைச் சுரண்டுவதற்கென்று வைத்த இரும்புத் தகட்டைக் காலால் தட்டிக் காட்டினாள். விருந்தாளிக்குத் தன் வீட்டைச் சுற்றிக்காட்டுகிற வீட்டுக்காரி மாதிரி அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

பாதித் தெரு இறங்கியதும் நின்று, சற்றுக் கீழே தெரிந்த வீட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தத் தூண் ரெண்டு வைச்ச வீடு. மஞ்சள் கதவு. எனக்கு இதிலை நிண்டு வடிவாத் தெரியேல்லை. ஸ்னோவுக்கை எப்பிடி இருக்கு?"

நிர்மலன் பார்த்தார். தூண்கள் இருந்தன. கதவு சாம்பல் நிறம், மழை மூட்டத்து வானம் போல. வேறு வீட்டைச் சொல்கிறாளோ என்று பக்கத்து வீடுகளையும் பார்த்தார். தூண் வைத்த வீடு அது ஒன்றுதான். அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பி ஆவலாகக் காத்திருந்தது. பாவம், இந்த ஒன்றிலாவது மனம் குளிரட்டும் என்று நினைத்தார்.

"நல்ல வடிவா இருக்கு," என்றார். "வெள்ளைக்கை மஞ்சள் எடுப்பாத் தெரியுது."

இசபெல் நீட்டிய கையை மெல்ல இறக்கினாள்.

"அது மஞ்சள் இல்லை. போன வருசமே சாம்பல் அடிச்சிட்டினம். அண்டைக்கு வீட்டை வந்து உங்களுக்குச் சொன்னனான். எனக்கு அழுகை வந்தது எண்டுகூடச் சொன்னனான்."

உமக்குக் கவலையாக இருக்கும் என்றுதான், என்று நிர்மலன் முணுமுணுத்தார்.

"ஆஸ்பத்திரியிலையும் இப்பிடித்தான் சொன்னனீங்களோ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

நவம்பரில் அவர்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஆள் எடுத்துத் தரவா என்று அங்கே கேட்டபோது, வேண்டாம், நானே சொல்லுவேன் என்று நிர்மலன் முந்திக்கொண்டார். டொக்டர் கணினியில் கண்ணின் படத்தைக் காட்டி நிதானமாகப் பேசினார். சமையலறையில் பிள்ளைகளோடு பேசும் ஆங்கிலம் இசபெலுக்கு வரும். டொக்டரின் ஆங்கிலம் அதுவல்ல. எல்லாம் முடிந்ததும் நிர்மலன் அவளிடம் தமிழில் சொன்னார்: ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுகம் வரும், பொறுமையாக இருக்கட்டாம்.

"அந்த நேர்ஸ் பிள்ளை அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ," என்றாள் இசபெல். "சுகம் வரும் எண்டால் ஏன் கையைப் பிடிக்கிறா எண்டு நான் யோசிச்சனான். உங்களைக் கேக்கப் பயமாயிருந்தது. இப்ப கேக்கிறன். டொக்டர் என்ன சொன்னவர்?"

நிர்மலன் சொன்னார். பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போன பார்வை திரும்பாது. ஊசி, இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கத்தான். அதுவும் எவ்வளவு நாளைக்கென்று சொல்ல முடியாது. அதோடு நிறுத்தியிருப்பார். அவள் இன்னும் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஆரையும் பாக்கவேண்டி இருந்தால் சுணங்காமல் பாக்கச் சொன்னவர்," என்றார்.

அவர்களுடைய ஒரே மகள் ஜெனோஜா ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுக்கு ஒக்டோபரில்தான் முதல் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. கிறிஸ்மசுக்குப் போய்ப் பேத்தியைப் பார்க்கவேண்டும் என்று இசபெல் அப்போது ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது குளிர், கண் தெளிந்தபிறகு கோடையில் போனால் பிள்ளையை வடிவாகப் பார்க்கலாம் என்று சொல்லி நிர்மலன்தான் மறித்தார். உடனே புறப்பட்டால் அவள் ஏனென்று கேட்பாள், கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டி வரும் என்ற பயம் அவருக்கு. இவ்வளவு நாளும் இசபெல் கைத்தொலைபேசியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சமாக அசைகிற ஏதோ ஒன்றைப் பார்த்து 'என்ரை செல்லம்' என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கிறிஸ்மசுக்குப் போயிருக்கலாம்."

"ஓம்."

"போயிருந்தால் முகம் தெரிஞ்சிருக்கும்."

"ஓம், இசபெல்."

அவள் அழுவாள் என்று அவர் நினைத்தார். அழவில்லை. பக்கத்து வீட்டுப் படியில் பனியோடு பனியாக உட்கார்ந்துவிட்டாள். அவர் தூக்கப் போனார். கையைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்டு அந்த வீட்டுக் கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்து, ஏதும் சுகமில்லையா, தேநீர் தரட்டுமா என்று கேட்டார். இசபெல் தட்டுத் தடுமாறி எழும்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒன்றுமில்லை, உங்கள் கதவைப் பார்க்க வந்தேன், நல்ல நிறம் என்றாள். அந்தப் பெண்மணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நன்றி சொல்லி, கவனமாகப் போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அது ஊதாக் கதவு.

நிர்மலன் திரும்பிப் போவோம் என்றார். மிச்சத்தையும் பார்க்கவேண்டும் என்றாள் இசபெல். அவருடைய கையைப் பிடிக்கவில்லை. இரும்பு வேலியைப் பிடித்தபடி, கம்பிக்குக் கம்பி கைமாற்றி, தெருவின் அடிவரை இறங்கினாள். கம்பி நுனிப் பனி உதிர்ந்து அவள் கையுறையை நனைத்தது. நிர்மலன் ஒரு அடி பின்னால், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் முன்னே நீட்டியபடி வந்தார். அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று தலையைச் சரித்துப் பார்த்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பெப்ரவரி நடுப்பகுதிக்கு ரொறன்ரோ ரிக்கெற் போட்டார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று இசபெல் தானே ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் வெளியிலை இருங்கோ," என்றாள். நிர்மலன் நடைபாதையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கதவுக்கு உள்ளே தொலைபேசியில் யாரோ ஒரு பெண்பிள்ளை தெளிவான தமிழில் பேசுவது மெல்லக் கேட்டது. அவர் எழும்பிக் கொஞ்சம் தள்ளிப்போய் இருந்தார்.

பயணத்துக்கு முந்திய கிழமை, முகம் கழுவிக்கொண்டு நின்றவள், கண்ணுக்குள் புகை அடைத்ததுபோல் இருக்கிறது என்றாள். கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருந்த கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. அவசரமாக ஆப்பரேசன் செய்தார்கள். கண்ணுக்குள் காற்றுக்குமிழ் விட்டிருக்கிறோம், அது கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குமிழ் கரைய ஈஸ்டர் ஆகிவிட்டது. கரைந்தபோது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன.

மே மாதம் ஜெனோஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகளுக்கு நிர்மலன் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், தான் செய்ததையும் சேர்த்து. அவள் பிள்ளை அழுகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் தகப்பனுக்குக் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொடுத்துவிட்டு நேரே தாயிடம் போனாள்.

இசபெல் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். பிள்ளையை மடியில் வாங்கி, தலையை முகர்ந்து, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை அவளுடைய சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, உங்களை மாதிரியே இருக்கிறா," என்றாள் ஜெனோஜா. "அப்பிடியே உங்கடை முகம்."

இசபெல் கொஞ்ச நேரம் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிர்மலன் நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ."

நிர்மலன் கிட்டப்போய் முழங்காலில் இருந்தார். பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தார். அது அவரைப் பார்த்து எச்சில் வடியச் சிரித்தது.

"உம்மை மாதிரி இல்லை," என்றார். "மருமகன்ரை தாயைத்தான் உரிச்சு வைச்சிருக்கு. அகண்ட நெத்தி. மூக்குக் கொஞ்சம் சப்பை. ஜெனோஜாவை விடக் கறுப்பு. கண் பெரிசு."

ஜெனோஜா அப்பா என்று அதட்டினாள். இசபெல் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"என்ன செய்யிறா இப்ப?"

"உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறா."

இசபெல் தலையை அசைத்தாள். கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. துடைக்க அவளுக்குக் கையில்லை, இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்திருந்தாள். நிர்மலன் சட்டைப்பையிலிருந்த லேஞ்சித் துணியை எடுத்து, துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே முழங்காலில் இருந்தார்.