முதுகுக்குப் பின்னால் அணைந்த கோடுகள்

பொது மேலாளர் மேடை ஏறினால் இறங்க மனம் வராதவர். அன்றைக்கு ஏறுவதற்குக் காரணமும் வலுவாகவே இருந்தது. கண்ணாடி இழைகளில் ஓடும் தகவல் போக்குவரத்தைத் தானே கவனித்துத் தானே பாதை மாற்றும் மென்பொருளுக்கு வெள்ளோட்டம். ஒரே இழைக்குள் பல நிறங்களில் ஒளி ஓடும். ஒவ்வொரு நிறமும் ஒரு பாதை. சும்மா கிடக்கும் பாதையைப் பிடுங்கி, நெரிசலில் திணறுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் மென்பொருளின் வேலை. அதை எழுதிய பெண் பொறியாளர் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருப்பதையே மறந்திருந்தார். முன்வரிசையில் இருந்த நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அது எல்லா ஊர்களுக்கும் போகும். போடாவிட்டால் குப்பைக்குப் போகும்.

மேடை ஏறுமுன் மேலாளர் பொறியாளரை ஓரங்கட்டினார்.

“என் பேச்சு எல்லாக் கிளைக்கும் நேரடியாப் போகுது. அதுக்கு மட்டும் தனிப் பாதை வச்சிடும்மா.”

“யாருக்கும் சலுகை கிடையாதுன்னு நீங்கதானே சார் அறிக்கை விட்டீங்க?”

“அது ஊருக்கு.”

“மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார். யாராவது பாத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் பாதை இருக்கும்.”

“அப்படின்னா கவலையே இல்லை” என்று மேலாளர் நிம்மதியாக மேடை ஏறினார்.

அவருக்குப் பின்னால் பெரிய திரை. அதில் தலைமையகத்திலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பச்சைக் கோடு: பேச்சு போகும் பாதை. ஆதி மனிதன் தீப்பந்தத்தை ஆட்டிச் சேதி சொன்ன காலத்திலிருந்து மேலாளர் ஆரம்பித்ததும் வடக்கே ஒரு கோடு அணைந்தது. அந்தக் கிளையில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். பேச்சு புறா விட்ட தூதுக்கு வருவதற்குள் கடற்கரைப் பக்கம் மொத்தமும் காலி. விடுபட்ட பாதைகள் நீலமாகி, வரிசையில் காத்துக் கிடந்த ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களை ஏற்றிக்கொண்டு ஓடின.

அரங்கம் கொட்டாவியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து எந்த ஊர் என்று பின்வரிசையில் பந்தயமே நடந்தது. ஒரு கூட்டம் இப்படிக் கண்கொட்டாமல் பார்த்து மேலாளர் கண்டதில்லை. உற்சாகத்தில் கைத்தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தமாகவும் பொழிந்தார். கடைசிக் கோடு அணைந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. புன்னகையோடு திரும்பியவர் திரையைப் பார்த்தார்.

“என்னம்மா இது, என் பேச்சு எங்க?”

“பாக்கிறவங்க இல்லேன்னா...” என்று இழுத்தார் பொறியாளர்.

மேலாளர் மைக்கை இறுக்கிப் பிடித்தார். “மென்பொருள்ல கோளாறு. தலைவர் மன்னிக்கணும். இது சரிப்படாது.”

தலைவர் பேனாவைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார்.

“சார் சொல்றது சரியாவும் இருக்கலாம்” என்றார் பொறியாளர் மெதுவாக. “சோதிச்சுப் பாத்துடலாமே. மென்பொருளை நிறுத்திடறேன். பழைய முறையில பாதை எல்லாம் பேச்சுக்குன்னே கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். சார் இன்னொரு தடவை முதல்லேர்ந்து பேசினா போதும்.”

“அதுக்கென்ன” என்று மேலாளர் தொண்டையைச் செருமினார். “இந்தத் தடவை கொஞ்சம் விரிவாவே பேசறேன்.”

“அந்தக் காகிதத்தை இப்படிக் கொடுய்யா” என்றார் தலைவர், பக்கத்திலிருந்த செயலாளரிடம். மேசை தேடக்கூட இல்லை, செயலாளரின் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

தன் பேச்சால்தான் அனுமதி கிடைத்தது என்று மேலாளர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பொறியாளர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.