சென்னைக்குப் போன எக்ஸ்ரே

அரங்கநாதனின் நாய் மூன்று நாளாக வாந்தி எடுத்தது. கள்ளக்குறிச்சி கால்நடை டாக்டர் சுபஸ்ரீ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குடலில் மக்காச்சோளக் கட்டை சிக்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றாள்.

கச்சிராயபாளையத்தில் இருபது ஏக்கர் கரும்பு வைத்திருந்த அரங்கநாதன் சிரித்தார். "கோட்டாவுல சீட்டு வாங்கிப் படிச்ச பொண்ணுக்கு இன்னா தெரியும்? மெட்ராஸுக்கு இட்டுக்கினு போறேன்."

போக வழியில்லை. அரங்கநாதனின் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு அன்று சாலை மறியல். மறியலுக்கு வேன் வைத்து ஆள் அனுப்பியவரே அவர்தான். அவர் முகத்தைப் பார்க்கவே சுபஸ்ரீக்கு அருவருப்பாக இருந்தது. நாய்க்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, படத்தைச் சென்னை ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்பினாள்.

அரை மணியில் ஸ்பெஷலிஸ்ட் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். "கட்டைதாம்மா. சரியாப் பாத்திருக்க. இன்னும் ஏன் ஆபரேஷன் பண்ணல?"

"இவருதாங்க டாக்டரு!" என்று அரங்கநாதன் தொடையைத் தட்டினார். பிறகு சந்தேகம் வந்தது. "நீயா அறுக்கப்போற?"

"அவரு போன்லேருந்து கைய நீட்டி அறுப்பாரா? கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நாய் பிழைத்தது.

தையல் பிரிக்க வந்த அன்று, மெட்ராஸ் டாக்டர்தான் காப்பாற்றினார் என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சுபஸ்ரீ நாயை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.