சொட்டைத் தலை ஸ்டிக்கர்

ஜுஹைனாவுக்கு விளம்பரம் என்றாலே குமட்டும். குமட்டுகிறதே என்று கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை அல்ல அவள். சாக்கடையை நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனைக் கையில் எடுத்து, சீ, த்தூ என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸிலும் அதே பிழைப்புதான். திட்டுவதற்காகப் பார்ப்பது பார்ப்பதில் சேராது என்பது அவள் கட்சி.

ஊடகப் பாடம் நடத்தும் நிர்மலாதேவி மிஸ் ஒருநாள் வகுப்பில் வேலை ஒன்று கொடுத்தார். "உங்க போன்ல வந்த விளம்பரம் ஒண்ண எடுத்து அக்கக்காப் பிரிச்சு, திங்கக்கிழமை வந்து பேசணும். அது யாரப் பிடிக்கப் பாக்குது? எத மறைக்குது? கடைசியா, நீங்க ஏன் அதத் தாண்டிப் போகாம நின்னு பாத்தீங்க? அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பாதி மார்க்."

முதல் இரண்டு கேள்வியிலேயே ஜுஹைனா தன் விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். மூன்றாவது அவள் காதில் ஏறவே இல்லை.

குற்றாலத்து முடித் தைலம் ஒன்றின் விளம்பரம் அது. முதலில் மெயினருவியை வானத்திலிருந்து காட்டுவார்கள். அப்புறம் காவி வேட்டியும் பாசிமணியும் நீளத் தாடியுமாக ஒரு வைத்தியர் வந்து, ஐந்து தலைமுறை, பொதிகை மலை, பதினெட்டு மூலிகை என்று உருட்டுவார். முழங்கால்வரை முடி வைத்த ஒருத்தி சுந்தரபாண்டியபுரத்து சூரியகாந்திப் பூவுக்குள் மெதுவாக ஓடுவாள். முடித் தைலத்துக்கும் சூரியகாந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று உடனே ஒரு சொட்டைத் தலையைக் காட்டுவார்கள். ஒரு பெண்ணின் உச்சந்தலை. முடி இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தோல் பளபளக்கும். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அம்புக்குறி, பின்னால் ஒரு காக்கை கரையும் சத்தம். அந்தத் தலையைப் பார்க்கிற எந்தப் பெண்ணும் தன் தலையைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டாள். கேவலம், படுகேவலம் என்று ஜுஹைனா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

சொன்னதோடு நின்றாளா என்றால், இல்லை. போன மாதம் அந்தத் தலையை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து, கீழே 'இன்டர்னல் மார்க் வந்தாச்சு' என்று எழுதி, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்புக் குரூப்பில் விட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. புவனேஷ் என்கிற பையன் அதை மற்ற வகுப்புகளுக்குக் கடத்தினான். எழுத்தை மாற்றினார்கள். சம்பள நாளுக்கு ஒன்று, கல்யாண நாளுக்கு ஒன்று என்று குட்டி போட்டது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து யாரோ அதற்குப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் விட்டார்கள். இதைச் செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் ஜுஹைனாவுக்கு அப்போது இருந்த ஒரே வருத்தம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேச்சுக்குப் படம் தயார் பண்ண உட்கார்ந்தாள். ஸ்டிக்கர் போதாது, விளம்பரத்தில் இருக்கிற முழுப் படம் வேண்டும். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தாள். முடியை வகிர்ந்து பிடித்த கை ஒன்று படத்தின் ஓரத்தில் இருந்தது. ஸ்டிக்கருக்கு வெட்டும்போது இடைஞ்சல் என்று அவளே தள்ளிவிட்ட கை. அதில் சுண்டுவிரல், மேல் கணுவில் உள்பக்கமாக மடங்கி, கொக்கி மாதிரி நின்றது.

அது பர்சானாவின் விரல். சின்ன வயதில் பள்ளிக்கூட வேன் கதவில் மாட்டி ஒடிந்து, வைத்தியம் பார்த்தும் நேராகாத விரல். அந்த விரலால் கொட்டு வாங்கியே வளர்ந்தவள் ஜுஹைனா. அடையாளம் தெரியாமல் போகுமா?

பர்சானா ஜுஹைனாவின் அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். வடகரையில் கட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளை மன்சூர் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். பிள்ளை பெறுவதற்கு வந்தவள் இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு முடி கொத்துக் கொத்தாகப் போயிற்று. தென்காசியில் தோல் டாக்டர் இருக்கிறார், ஆனால் ஆண். அவர் முன்னால் முக்காட்டை எடுக்க மாட்டேன் என்று பர்சானா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். முடி கொட்டுகிறது என்று ஜுஹைனாவுக்கும் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. போனிலிருந்து தலையைத் தூக்கி ஒருநாளாவது அக்காவைப் பார்த்திருந்தால்தானே தெரிவதற்கு.

மன்சூருக்குச் சுத்தமாகத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று மன்சூரின் உம்மா சைதூன் பீவி உள்ளறைக்குள் வந்து பர்சானாவின் சடையை அவிழ்த்து, கையில் வாங்கி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்து, "சவுரி இல்ல, சொந்த முடிதான்" என்று வெளியே போய்ச் சொன்னாள். அந்த வார்த்தையில்தான் சம்பந்தம் பேசி முடிந்தது. அந்த முடி போன கதையைப் புருஷன் ஊருக்கு வந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பர்சானா உம்மாவிடம் அழுதுகொண்டே கெஞ்சி வைத்திருந்தாள். அதற்குள் அவள் தலை ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஜுஹைனாவுக்கு அருவருப்பு வந்தது. முதலில் விளம்பரக்காரன்மேல், உடனே தன்மேல். குரூப்பில் தான் போட்டதை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம் என்று பார்த்தால் நாளாகிவிட்டது, அழியவில்லை. 'ப்ளீஸ், இனிமே அந்த ஸ்டிக்கர யாரும் போடாதீங்க' என்று வகுப்புக் குரூப்பில் எழுதினாள். பதிலாக அந்த ஸ்டிக்கரையே போட்டார்கள். புவனேஷ் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தான். திரை முழுக்க லாத்தாவின் தலை. விளம்பரத்தின்மேல் புகார் கொடுத்தாள். 'எங்கள் விதிமுறைகளை இது மீறவில்லை' என்று கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மனுஷன் எழுதிய பதில்கூட இல்லை அது.

மறுநாள் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

சீசன் நேரம், சனிக்கிழமை. தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய ஆண்கள் ஜட்டியோடு நடுரோட்டில் நடந்தார்கள். தரையெல்லாம் பிசுக்கு, சீயக்காய்த் தூள், ஷாம்பு கவர். அல்வா, சிப்ஸ், மூலிகை, மசாஜ் என்று ஆளுக்கொரு ஸ்பீக்கர் வைத்துக் கத்தினார்கள். சாரல்கூட எண்ணெய் நாற்றத்தோடு விழுவதுபோல அவளுக்கு இருந்தது. தலையில் போட்டிருந்த துப்பட்டாவின் நுனியால் மூக்கை மூடிக்கொண்டு தைலக் கடையை விசாரித்து, ஒரு லாட்ஜுக்குப் பின்னால் கண்டுபிடித்தாள்.

கடைக்காரர் ஆவுடைநாயகம் டீ ஷர்ட் போட்டு பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். விளம்பரத்து வைத்தியர் சாட்சாத் அவரேதான். தாடி மட்டும் பின்னால் ஆணியில் தொங்கியது.

"அண்ணாச்சி, உங்க விளம்பரத்துல ஒரு பொம்பளத் தல வருதுல்லா, அத எடுத்துருங்க. எனக்குத் தெரிஞ்சவங்க தல."

அவர் முகம் சுளிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. அது யாரு தலன்னு எனக்கே தெரியாது. உச்சந்தலய போட்டோ புடிச்சு அனுப்புங்க, வைத்தியர் பாத்துச் சொல்லுவாருன்னு போட்டிருக்கோம்லா. தெனமும் வந்து குமியுது. பாதி உங்க ஆளுகதான். டாக்டர்ட்ட போனா முக்காட்ட எடுக்கணும். போட்டோன்னா மொகம் தெரியாதுல்லா, வெறும் மண்டதானன்னு அனுப்பிருதாவ."

"கேக்காம போடலாமா அண்ணாச்சி?"

"கேட்டா குடுப்பாவளா?" என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். "நான் எடுத்துருவேம்மா, பொய் சொல்லல. வேற தலயா இல்ல? ஆனா இந்தத் தலதான் இப்ப ஓடுது. மொத ரெண்டு மாசம் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் இத ஸ்டிக்கராக்கி விட்டுட்டான். தமாசுக்குப் பாக்குதவன் விளம்பரத்தத் தேடிட்டு வாரான், பாத்துட்டு தன் தலயத் தடவுதான், ஆர்டர் போடுதான். இப்ப லேபிள் ஒட்ட நேரமில்ல. அந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சா சொல்லு, ஒரு பெட்டித் தைலம் சும்மா குடுத்துருதேன்."

அவள் எழுந்து வந்தாள். அவர் பின்னால் இருந்து, "ஒனக்கும் முன்னால கொஞ்சம் ஏறுதும்மா, இப்பவே பாத்துக்க" என்று அக்கறையாகச் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் கை தானாக நெற்றிக்கு மேலே போய்த் தடவிப் பார்த்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது அவளுக்கு. இத்தனை நாளும் விளம்பரத்தைக் கிழித்துத் தொங்கவிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளுக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரியாக இருந்திருக்கிறாள். நீங்கள் ஏன் நின்று பார்த்தீர்கள் என்று மிஸ் கேட்டதற்கு உண்மையான பதில் இப்போது தெரிந்தது. அந்தத் தலை தன் தலை இல்லை என்கிற சந்தோஷத்தில் பார்த்தாள். இதை வகுப்பில் எந்த வாயால் சொல்வது?

வகுப்பு கிடக்கட்டும், மன்சூர் மச்சான் கண்ணில் படுவதற்குள் லாத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பர்சானா அடுப்படியில் பிள்ளைக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுட்டி."

சொல்வதற்குள் இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. இரண்டு வீட்டாரும் இருக்கிற குடும்பக் குரூப். மன்சூரின் தம்பி அஃப்சல் புதிதாக முடி வெட்டிக்கொண்டு படம் போட்டிருந்தான். அதற்குக் கீழே தம்மாமிலிருந்து மன்சூர் அந்த ஸ்டிக்கரைப் போட்டு, 'பாத்துலே, கடைசில இப்படி ஆயிரும்' என்று எழுதியிருந்தான். சைதூன் பீவி மாமி வரிசையாகச் சிரிப்பு முகங்களைக் கொட்டியிருந்தாள்.

பர்சானா கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கட்டைவிரலால் ஒரு சிரிப்பு முகத்தை அமுக்கி அனுப்பிவிட்டு மறுபடி கஞ்சியைக் கிண்டினாள்.

"லாத்தா... எதுக்குச் சிரிப்பு போட்ட?"

"எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தா ஏன்னு கேப்பாவள்லா."

"அப்போ ஒனக்கு..."

"நானே புடிச்சு அனுப்புன மண்ட எனக்குத் தெரியாதாட்டி? ஒம் மச்சான் எனக்கே தனியா ரெண்டு வாட்டி அனுப்பிட்டாவ. நானும் சிரிச்சேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்த வைத்தியன விடு, அவன் யாவாரி. இதச் செஞ்சது யாரோ ஒரு பிள்ளதான். அதுக்கு என்னயத் தெரியாது, எங்கிட்ட ஒரு பகையும் கெடையாது. உக்காந்து எவ்வளவு பொறுமையா வெட்டியிருக்கு பாரு."

"நாந்தான் லாத்தா."

கஞ்சி அடிப்பிடித்தது. பர்சானா அடுப்பை அணைக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று ஜுஹைனா காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலேஜ்ல எல்லாரும் சிரிச்சாவளா?" என்று பர்சானா கேட்டாள்.

"ம்."

"நீயும் சிரிச்சியா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "சிரிச்சேன்."

ஜுஹைனாவின் கையில் இருந்த போன் மறுபடி சத்தம் போட்டது. மன்சூர்தான். 'எல்லாரும் சிரிச்சாச்சு, கொழுந்தியாளக் காணோமே. ஜுஹைனா, எங்க போன?'

அந்த நிமிஷமே உண்மையை எழுதி அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று அவள் கை துடித்தது. எழுதினால் லாத்தா ஒளித்து வைத்ததெல்லாம் வடகரைக்குப் போய்விடும். எழுதாவிட்டால் அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். நிமிர்ந்து பர்சானாவைப் பார்த்தாள்.

"போட்டுரு" என்றாள் பர்சானா. "இல்லன்னா ஏன்னு கேப்பாவ."

அக்கா பார்த்துக்கொண்டு நிற்க, ஜுஹைனா ஒரு சிரிப்பு முகத்தை அமுக்கி அனுப்பினாள்.