மூன்று ஆஸ்பத்திரி, ஒரே எண்

பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளின் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி தன் நோயாளிகளின் பதிவை விட்டுக்கொடுக்காது. சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகள் மாதிரி அந்த அலுவலகங்கள். அவற்றின் பதிவுகளைச் சேர்த்துவைத்து, நாட்டில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று ஆராய்வதுதான் ஓர் ஐந்தாம் மாடி அலுவலகத்தின் வேலை. பெயர்களை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பிறந்த தேதி, முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வைத்து, இதுவும் அதுவும் ஒரே பிள்ளையா என்று கணினி முடிவு செய்யும். கணினி முடிவு செய்ய முடியாமல் விழிக்கிற இடங்கள் மட்டும் சித்தியின் மேசைக்கு வரும்.

அலுவலகத்தில் அவளை யாரும் சித்தி என்று கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிட அக்காவின் மகள் குட்டி ஒருத்திதான் இருக்கிறாள். ஆனாலும் இந்தக் கதைக்கு அவள் சித்திதான்.

ஒரு நாள் காலை அவள் திரையில் மூன்று பதிவுகள் வந்து நின்றன. வேறு வேறு ஆஸ்பத்திரிகள், வேறு வேறு முகவரிகள், ஒன்றில் பிறந்த மாதம்கூட மாறியிருந்தது. மூன்றும் எலும்புப் பிரிவு. தொலைபேசி எண் மட்டும் ஒன்றே. கணினிக்குச் சந்தேகம் இருந்தது, சித்திக்கு இல்லை. அது அக்காவின் எண்.

குட்டி சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்ததை அக்கா சொல்லியிருந்தாள். மற்ற இரண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் டாக்டர் கேள்வி கேட்பார் என்றுதான் ஒவ்வொரு தடவையும் வேறு ஆஸ்பத்திரிக்கு, பொய் முகவரியோடு போயிருக்கிறார்கள். அத்தானின் கோபம் குடும்பத்துக்கே தெரியும். கோபக்காரர்தான், ஆனால் மனசு தங்கம் என்று எல்லாரும் சப்பைக்கட்டு கட்டுவார்கள். சித்தியும் கட்டியிருக்கிறாள்.

ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று பதிவில் தெரிந்தால் என்ன செய்வது என்று, யாரையோ பற்றிக் கேட்பதுபோல மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் கெட்டவர் அல்ல; நிதானமாக விளக்கினார். யாரையும் பிடித்துக்கொடுக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் பதிவுகளை வாங்குகிறோம், ஒன்று வெளியே கசிந்தாலும் எல்லாரும் கதவைச் சாத்திவிடுவார்கள், கசியவிட்டவர் ஜெயிலுக்கும் போக வேண்டிவரும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"யாருன்னு என்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா நானும் மாட்டிக்குவேன்."

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று விடுமுறை நாளில் வண்ணப் பென்சில் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனாள். குட்டி வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பெட்டியைத் திறக்கப் பார்த்தாள். சித்தியின் நாக்கில் சனி உட்கார்ந்தது அப்போதுதான்.

"மூணாவது தடவையும் கைதானாடி?"

அத்தான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"மூணாவது தடவையா? யாரு சொன்னா?" என்று கேட்டார் அத்தான்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று மழுப்பினாள் சித்தி. அத்தான் சிரித்தார். டீ போடச் சொன்னார். வாசல் வரை வந்து வழியனுப்பி, கேட்டைத் தாழ் போட்டார்.

மறுநாள் அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு போனில் பேசினாள்.

"நீ பாட்டுக்கு வாயை விட்டுட்டுப் போயிட்ட. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. எதுன்னாலும் வீட்டுலயே பாத்துக்கலாமாம். நீயும் வராத."

சில மாதங்கள் கழித்து அடுத்த தொகுதிப் பதிவுகள் வந்தன. அதே எண். பள்ளிக்கு வராத நாட்கள் கூடியிருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டம் காலி. காயங்கள் குறைந்த பிள்ளைகளின் வரிசையில் கணினி அந்தப் பிள்ளையைச் சேர்த்திருந்தது. பின்னால் வந்து நின்ற மேலதிகாரி, இப்படி நடுநடுவே நல்ல செய்தியும் வருகிறது பாருங்கள் என்று சந்தோஷப்பட்டார். அந்தக் காலிக் கட்டம் சித்தியின் வாயால் வந்தது. இதைவிட, வாயே திறக்காமல் இருந்திருக்கலாம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மாடிப்படிக்குப் போய்க் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், நேரில் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன், அடித்தார் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விசாரிக்க வருகிறவர்களுக்கு அத்தான் டீ கொடுத்து அந்தப் பொய்யை ஊதித் தள்ளிவிடுவார். அவரால் மறுக்க முடியாதது அந்த மூன்று ஆஸ்பத்திரிகள்தான்.

"அடிச்சதைப் பாக்கலைங்க. நான் வேலை செய்யற இடத்துல பதிவைப் பாத்தேன். வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

உங்கள் பேர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், ஆனால் அதை எடுத்துப் பார்க்க நாளாகும் என்றாள் அந்தப் பெண்.

"நாளாகக் கூடாதுங்க. எழுதிக்கங்க," என்றாள் சித்தி. முதலில் தன் பெயரையும் அலுவலகத்தையும் சொன்னாள். அப்புறம்தான் குட்டியின் பெயரைச் சொன்னாள்.