முப்பது விநாடி

"யாரோ மூச்சு விடுறாங்களே," என்றார் இயக்குநர். "காட்சில ஆளே இல்ல, வெறும் வீடு. யாரு அது?"

ஒலிக் கலவை செய்யும் அவள், காட்சியைப் போட்டுக் கேட்ட சோதனைக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"என் தம்பி."

இயக்குநர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தம்பி நேற்று மாலை போய்விட்டான். வேறொரு படப்பிடிப்பு முடிந்து திரும்பிய வேனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான். அவன் ஒலிப்பதிவு செய்வான், அவள் அதைக் கலப்பாள். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்தப் படத்தில் திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்குமான கலவைகள் போன வாரமே போய்விட்டன. கைபேசிக்கானது மட்டும் பாக்கி. பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் நாளை கைபேசியில் படம் வராது. ஒரு மணிக்கு வீட்டிலிருந்து அவனை எடுக்கிறார்கள்.

கைபேசியின் பொடி ஒலிபெருக்கிக்காகத் தணிந்த சத்தங்களைத் தூக்கியாக வேண்டும். தூக்கியதும் அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. படம்பிடிக்கும் ஒவ்வொரு அறையிலும், பின்னால் காட்சிக்கு அடியில் நிரப்ப, அதன் வெறும் சத்தத்தை முப்பது விநாடி தனியாகப் பதிவு செய்வான் தம்பி. மைக்கோடு அவனும் அங்கேயே நிற்பான். அவன் மூச்சும் சேர்ந்து பதிவாகும், ஒவ்வொரு படத்திலும் அவள் திட்டுவாள்.

"முப்பது செகண்ட் அடக்க முடியாதாடா? எருமை மாதிரி மூச்சு விடுற."

"நான் என்ன நாற்காலியாக்கா? உசுரு இருக்குல்ல, விடத்தான் செய்வேன்."

சித்தப்பா அழைத்தார். "எங்கம்மா இருக்க? வண்டி வந்தாச்சு. உங்கம்மா வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

"நிறுத்தி வைங்க சித்தப்பா. அவன் வேலையத்தான் பாத்துட்டிருக்கேன்."

"அந்த மூச்சு அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே?" என்றார் இயக்குநர் மெல்ல.

"தரம் பாக்கிறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அவன் பதிவு பண்ணது தப்புன்னு எழுதுவாங்க."

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இரண்டு விநாடி சுத்தமாக இருந்தது. அதை எடுத்து, மூச்சை வெட்டிய இடங்களில் ஒட்டினாள். ஒட்டிய இடம் காதில் தெரிந்தது. அழித்துவிட்டுத் திரும்ப ஒட்டினாள். இன்னொரு முறை. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கோப்பு போனது. வெட்டிய மூச்சுத் துண்டுகளை அழிக்கவா என்று கேட்டது கணினி. கேள்வியைத் திரையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

வீட்டுக் கூடத்தில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அம்மா நகர்ந்து இடம் விட்டாள். விளக்கு அணையாமல் இருக்கச் சித்தப்பா மின்விசிறியை நிறுத்தினார்.

தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பழக்கம், மனம் தானாக விநாடிகளை எண்ணத் தொடங்கியது. சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு. தெருவில் ஒரு சைக்கிள். யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

முப்பது வந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.